ஐந்து முறை ஷிப்ட்

தொண்ணூறுகளின் கடைசியில் கொழும்பு மருதானையில் கொம்பியூட்டர் படித்தவர்களுக்கு அந்தப் படம் நினைவிருக்கும். விண்டோஸில் கன்ட்ரோல் பனலைத் திறந்தால், ஆங்கில அகரவரிசைப்படி எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு சக்கர நாற்காலி நிற்கும். முதலாவதாக நின்றும் அதைத் திறந்து பார்த்தவர்கள் குறைவு. 1893 இல் தொடங்கிய தொழில்நுட்பக் கல்லூரியால் பெயர்பெற்ற டெக்னிக்கல் சந்தி தொடக்கம் சாஹிராக் கல்லூரிப் பக்கம் வரை, மருதானை என்பது ரயிலிலும் பஸ்ஸிலும் வந்திறங்கிப் படித்துவிட்டுப் போகிறவர்களின் இடம். அந்தக் காலத்துக் கணினி வகுப்பில் பொதுவாக மவுஸைப் பிடிப்பது, கோப்பைச் சேமிப்பது, அச்சுப்பொறியைச் சேர்ப்பது, கடைசியில் ஒழுங்காக நிறுத்துவது எல்லாம் சொல்லித் தருவார்கள். அந்த முதலாவது படத்தைத் தாண்டிப் போவதற்கு ஒரு காரணமும் சொல்லத் தேவையிருக்கவில்லை. படமே காரணத்தைச் சொல்லிவிட்டது: இது வேறு யாருக்கோ உரியது. நடக்கிறவர்களுக்கும், கண்ணாடி போட்டாவது பார்க்கிறவர்களுக்கும் அங்கே வேலையில்லை. ஏறத்தாழ முப்பது வருடத்துக்குப் பிறகு அந்தத் திரையை நினைத்துப் பார்க்கையில், நாங்கள் தாண்டிப் போனது ஒரு சலுகையை அல்ல, கணினி என்ற பொருளின் மூலக் குணத்தையே என்று எனக்குத் தோன்றுகிறது. அச்சிட்ட தாளுக்கும் கணினித் திரைக்கும் உள்ள பெரிய வித்தியாசம் வேகம் அல்ல. தாளில் எழுத்தின் அளவையும் நிறத்தையும் அச்சகத்தார் தீர்மானித்து முடித்துவிடுகிறார்கள். திரையில் அந்தத் தீர்மானத்தை முன்னால் இருக்கிறவரின் கையில் விட முடியும். அணுகல் அமைப்புகள் என்று இன்று சொல்லப்படுபவை அந்தச் சாத்தியத்தின் நடைமுறை வடிவம். ஆகவே அவற்றை மாற்றும் உரிமை கணினியின் சொந்தக்காரருக்கோ கணினிக்கூடத்துப் பொறுப்பாளருக்கோ உரியதல்ல, கதிரையில் இருப்பவருக்கு உரியது என்பதே என் வாதம்.

அந்தப் படத்துக்குள் என்ன இருந்தது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஸ்டிக்கி கீஸ் என்பது ஷிப்ட், கன்ட்ரோல் போன்ற விசைகளை அழுத்திப் பிடித்திருக்க முடியாதவர்களுக்கு. ஒருமுறை தட்டிவிட்டால் அடுத்த விசை வரும்வரை கணினி அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். (பெயர் மட்டும் துரதிர்ஷ்டம். தேநீர் சிந்திய எத்தனையோ கீபோர்டுகள் அமைப்பு எதுவும் மாற்றாமலே ஒட்டிக்கொள்கின்றன.) பில்டர் கீஸ், நடுங்கும் விரல் ஒரே எழுத்தை மூன்று தரம் தட்டினாலும் ஒரு தரமாகவே எடுத்துக்கொள்ளும். மவுஸ் கீஸ், எண் விசைகளைக் கொண்டு அம்புக்குறியை நகர்த்தும். சவுண்ட் சென்ட்ரி, கணினி எழுப்பும் எச்சரிக்கை ஒலியைக் காது கேளாதவருக்குத் திரையின் மினுக்கமாக மாற்றும். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்துக் காட்டும் உயர் மாறுபாட்டுத் திரையும் இருந்தது. இவற்றில் பெரும்பகுதி மைக்ரோசொப்ட்டின் சொந்தக் கண்டுபிடிப்பு அல்ல. அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்து ட்ரேஸ் நிலையத்தில் கிரெக் வாண்டர்ஹைடன் என்பவரின் குழு எண்பதுகளிலும் தொண்ணூறுகளின் தொடக்கத்திலும் உருவாக்கியவை. முதலில் தனியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டிய பொதியாக இருந்து, 1995 ஓகஸ்ட்டில் வந்த விண்டோஸ் 95 இல் உள்ளேயே வைக்கப்பட்டன. இந்த இடமாற்றம் முக்கியமானது. தனிப் பொதியாக இருந்தவரை, தேவைப்பட்டவர் அதைத் தேடி, கேட்டு, யாரையாவது கொண்டு பொருத்திக்கொள்ள வேண்டும். உள்ளேயே வந்த பிறகு, உலகின் எந்த மூலையில் எந்தக் கணினியின் முன்னால் அமர்ந்தாலும் அது அங்கே இருக்கும், மருதானை உட்பட.

இருந்தும் படம் அவற்றை மறைத்தது. பார்வை மங்கலானவர் சக்கர நாற்காலியைப் பார்த்து இதற்குள் எழுத்தைப் பெரிதாக்கும் வழி இருக்கும் என்று எப்படி ஊகிப்பார்? மணிக்கட்டு வலிக்கிற தட்டச்சாளர் தன்னை அந்த நாற்காலியில் ஏன் வைத்துப் பார்ப்பார்? 2003 இல் மைக்ரோசொப்ட் பொறெஸ்டர் நிறுவனத்தைக் கொண்டு அமெரிக்காவில் செய்வித்த ஆய்வு, 18 முதல் 64 வயது வரையான கணினிப் பாவனையாளரில் 57 வீதமானோர் இத்தகைய வசதிகளால் பயன்பெறக்கூடியவர்கள் என்றது. விற்கிறவரே காசு கொடுத்துச் செய்வித்த ஆய்வு என்பதால் கொஞ்சம் கழித்தே எடுத்துக்கொள்ளலாம். கழித்த பிறகும் மிஞ்சுவது சிறுபான்மையின் கணக்கல்ல. இலங்கையில் 2012 சனத்தொகைக் கணக்கெடுப்பு, 5 வயதிலும் அதற்கு மேலும் உள்ளோரில் 8.7 வீதமானோருக்கு, அதாவது 16 இலட்சத்துக்கு மேற்பட்டோருக்கு, பார்வை, கேட்டல், நடமாட்டம் போன்றவற்றில் ஏதோவொரு சிரமம் இருப்பதாகக் காட்டியது. அதிலும் பார்வைச் சிரமமே முதலிடம். இந்தக் கணக்கில் சேராமல், நாற்பதைத் தாண்டி வெள்ளெழுத்து வந்து பத்திரிகையைக் கை நீட்டிப் பிடித்து வாசிக்கிறவர்கள் எத்தனை பேர்? மருதானையிலிருந்து டீன்ஸ் வீதியால் நேரே நடந்தால் லிப்டன் சுற்றுவட்டத்தில் கண் ஆஸ்பத்திரி வந்துவிடும். காலை வேளையில் அங்கே வரிசையில் நிற்பவர்களைப் பார்த்தவர் எவரும் இது சிலருடைய பிரச்சினை என்று சொல்லத் துணியமாட்டார். நிறுவனத்துக்கும் இது பிடிபட்டிருக்க வேண்டும். விண்டோஸ் விஸ்டாவில் சக்கர நாற்காலி போய்ப் பெயரும் மாறியது. விண்டோஸ் 11 இல் பெயர் மறுபடி மாறி, கை விரித்து நிற்கும் ஒரு மனித உருவம் வந்தது. எங்கள் பக்கத்தில் படம் மாறினாலும் சொல் மாறவில்லை. ‘விசேட தேவையுடையோர்’ என்கிறோம். பெரிய எழுத்து விசேட தேவை என்றால், தகப்பனாரின் மூக்குக் கண்ணாடியும் விசேட தேவைதான்.

இந்த அமைப்புகள் ஆங்கிலக்காரரை மனதில் வைத்துச் செய்தவை, தமிழுக்கு அவ்வளவு பொருந்தாது என்று ஒரு கருத்து உண்டு. விசைப்பலகையைப் பார்த்தால் நிலைமை நேர்மாறு. இலங்கையில் தலைமுறை தலைமுறையாகப் பழகிவந்த, பழைய தட்டச்சுப் பொறி வழி வந்த பாமினி முறையில் தட்டும்போது ஷிப்ட் விசைக்கு ஓய்வே கிடையாது. ஆங்கிலத்தில் வசனத்தின் முதலெழுத்துக்கும் பெயர்களுக்கும் ஷிப்ட் போதும். பாமினியில் கு, து, மு, ரு என்று உகரம் ஏறிய எழுத்துகள் பலவற்றுக்கு அது வேண்டும். ‘முருகன்’ என்று தட்ட முதல் இரண்டு எழுத்துக்கும் ஷிப்ட்டைப் பிடிக்க வேண்டும். ‘முருகு’ என்றால் மூன்றுக்கும். ஒரு கை மட்டும் இயங்குகிறவருக்கு, அல்லது கை முறிந்து கட்டுப் போட்டிருக்கிறவருக்கு, இது ஒவ்வொரு சொல்லிலும் ஒரு விரலால் விசையைப் பிடித்துக்கொண்டு மறு விரலை எட்ட நீட்டுகிற வேலை. ஸ்டிக்கி கீஸை இயக்கினால் அந்தச் சிரமம் இல்லை. ஆக, ஆங்கிலத் தட்டச்சாளருக்கு அது எப்போதாவது உதவும், எங்களுடைய தட்டச்சாளருக்கு வரிக்கு வரி உதவும். கண்ணின் பக்கமும் இப்படித்தான். ஆங்கில எழுத்துகளை ஓரளவு மங்கலாகப் பார்த்தாலும் சொல்லின் உருவத்தைக் கொண்டு ஊகிக்கலாம். தமிழில் க-வுக்கும் க்-கும் இடையே இருப்பது ஒரு புள்ளி. கி-க்கும் கீ-க்கும் இடையே இருப்பது ஒரு சிறு சுழி. ஆங்கிலத்துக்கு அளந்து வைத்த சின்ன அளவில் அந்தப் புள்ளியும் சுழியும் கரைந்துபோகின்றன. விண்டோஸ் 10 இல் 2018 இறுதியில் வந்த, எழுத்தை மட்டும் 225 வீதம் வரை பெரிதாக்கும் வசதியால் தமிழ் வாசகருக்குக் கிடைக்கும் ஆதாயம் ஆங்கில வாசகருக்குக் கிடைப்பதைவிட அதிகம். இதை யாரும் எங்களுக்காகச் செய்யவில்லை என்பது உண்மை. செய்தது எங்களுக்கும் பொருந்திவிட்டது.

பாமினி என்றதும் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் என் வாதத்தின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது. பாமினி எழுத்துருவில் ஆக்கிய ஒரு கோப்பில் உண்மையில் தமிழ் கிடையாது. ‘தமிழ்’ என்று திரையில் தெரிகிற இடத்தில் கணினி வைத்திருப்பது ஜே, கே, பி, ஓ என்ற நாலு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும். எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் வேஷம் போட்டுக் காட்டுகிறது, அவ்வளவுதான். விழிப்புலனற்ற ஒருவர் திரைவாசிப்பானை இயக்கினால் அது வேஷத்தைப் பார்க்காது, உள்ளே இருப்பதையே வாசிக்கும். கல்யாண அழைப்பிதழ் முதல் சுற்றறிக்கை வரை வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இப்படித் தட்டித் தந்த பக்கங்களுக்குக் கணக்கில்லை. அந்தக் கடைக்காரர்கள் தவறு செய்தார்கள் என்று நான் சொல்லவரவில்லை. அன்றைக்கு வேறு வழி பெரிதாக இருக்கவில்லை, தாளில் அழகாக வந்தால் போதுமாக இருந்தது. பிரச்சினை, தாளுக்குரிய அந்த நியாயம் திரைக்கு வந்த பிறகும் தொடர்ந்ததுதான். யுனிகோட் முறை எழுத்தையும் அதன் உருவத்தையும் பிரித்துவைக்கிறது. த என்றால் எந்த எழுத்துருவிலும் த. உருவத்தை வாசிப்பவர் பிறகு தீர்மானிக்கலாம்: பெரிதாக, மஞ்சளாக, அல்லது குரலாக. பாமினிக் கோப்பு அந்தத் தீர்மானத்தை எழுதியவரிடமே பூட்டிவைக்கிறது. கேட்கிறவருடைய கணினியில் எல்லா அமைப்பும் சரியாக இருந்தும் பயனில்லை. அமைப்பு என்பது ஒருவர் தனியாகத் தன் கணினியில் செய்து முடிக்கிற காரியம் அல்ல, மறுமுனையில் எழுதியவரும் உருவத்தின் மேலுள்ள பிடியை விட்டுக்கொடுத்திருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

இனிக் கணினிக்கூடத்துக்கு வருவோம். இந்நாட்டில் ஏராளமானோர் கணினியை முதலில் தொட்டது தங்கள் வீட்டில் அல்ல. பாடசாலை, தொழில்நுட்பக் கல்லூரி, தனியார் வகுப்பு, நெட் கபே, கிராமங்களில் நெனசல நிலையம் என்று எல்லாம் பொதுக் கணினிகள். பொதுக் கணினியை நடத்துகிறவரின் முதல் கவலை அது மாறாமல் இருப்பது. கன்ட்ரோல் பனலைப் பூட்டுகிறார். கடவுச்சொல் போடுகிறார். டீப் ஃப்ரீஸ் போன்ற மென்பொருளை இட்டு, ஒவ்வொரு முறை கணினியைத் திரும்ப இயக்கும்போதும் எல்லா மாற்றமும் அழிந்து பழைய நிலைக்கு வரும்படி செய்கிறார். வைரஸுக்கு எதிராக இது நல்ல காவல். பார்வை குறைந்த மாணவருக்கோ, நேற்றுப் பெரிதாக்கிய எழுத்து இன்று காலை மறுபடி எறும்பாகியிருக்கும். இந்த நிலைமையை ட்ரேஸ் நிலையத்தார் முன்கூட்டியே யோசித்திருந்தார்கள் என்பதற்கு அடையாளம் குறுக்குவிசைகள். மவுஸைப் பிடிக்க முடியாதவருக்கு மவுஸ் கீஸை இயக்க மவுஸ் தேவைப்பட்டால் அது பூட்டுக்குள் சாவியை வைத்துப் பூட்டிய கதை. ஆகவே ஷிப்ட்டை ஐந்து முறை தட்டினால் ஸ்டிக்கி கீஸ், வலது ஷிப்ட்டை எட்டு விநாடி பிடித்தால் பில்டர் கீஸ், இடது ஓல்ட், இடது ஷிப்ட், நம் லொக் சேர்த்தால் மவுஸ் கீஸ் என்று, எந்தப் பலகத்தையும் திறக்காமல், யாருடைய உத்தரவும் கேட்காமல் இயக்கும் வழி வைத்தார்கள். விண்டோஸின் நுழைவுத் திரையிலேயே, கடவுச்சொல் கேட்பதற்கு முன்பாகவே, இந்த வசதிகளுக்கான பொத்தான் ஒரு மூலையில் இருக்கிறது. கணினிக்கூடங்களில் பலவேளை முதலில் முடக்கப்படுவது இந்தக் குறுக்குவிசைதான். கணினியில் விளையாடுகிறவர்கள் ஷிப்ட்டைத் தொடர்ந்து தட்டும்போது, ஸ்டிக்கி கீஸை இயக்கவா என்று கேட்கும் பெட்டி குறுக்கே வந்து தொல்லை தருகிறதாம்.

பொறுப்பாளர்களின் ஆட்சேபங்களை இலேசாக ஒதுக்க முடியாது. ஒருவர் மாற்றிவிட்டுப் போனால் அடுத்து வருகிறவர் திணறுவார் என்பது முதலாவது. உண்மை. திடீரென்று திரை கறுப்பாகி எழுத்து வெள்ளையாகத் தெரிந்தால் புதியவர் கணினி பழுது என்றே நினைப்பார். ஆனால் இரு பக்கத்துச் சிரமத்தையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. அடுத்தவருக்கு நேர்வது ஒரு நிமிடக் குழப்பம், அதே விசைகளை மறுபடி அழுத்தினால் தீர்ந்தது. முதலாமவருக்கு நேர்வது அந்தக் கணினியே இல்லாமல் போவது. ஆளுக்கொரு பாவனையாளர் கணக்கு வைத்தால் அந்த ஒரு நிமிடமும் மிச்சம். இரண்டாவது ஆட்சேபம் கனமானது: பாதுகாப்பு. நுழைவுத் திரையில் ஷிப்ட்டை ஐந்து முறை தட்டும்போது ஓடும் நிரலை வேறொன்றால் மாற்றிவைத்து, கடவுச்சொல் இல்லாமலே கணினிக்குள் நுழையும் தந்திரம் பலகாலமாக எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் அதைச் செய்ய, கணினியை வேறொரு வட்டிலிருந்து இயக்கி உள்ளே கைவைக்க வேண்டும். அந்த அளவுக்கு நெருங்க முடிந்தவருக்கு ஷிப்ட் விசை இல்லாவிட்டால் வேறு பத்து வழி இருக்கிறது. வட்டை மறைகுறியாக்கி, வெளி வட்டிலிருந்து இயங்குவதைத் தடுத்தால் பத்தும் அடைபடும். ஷிப்ட்டை மட்டும் முடக்கினால் ஒன்று அடைபடும், அதுவும் திருடனுக்கல்ல. மூன்றாவதாகச் சொல்லப்படும் செலவு, இன்றைக்குப் பெரும்பாலும் ஆட்சேபமே அல்ல. ஜோஸ் என்ற திரைவாசிப்பானின் உரிமம் விலை கூடியது என்பது உண்மைதான். ஆனால் 2006 இல் மைக்கல் கரன் என்ற விழிப்புலனற்ற அவுஸ்திரேலிய இளைஞர் தொடங்கிய என்விடிஏ இலவசம். அதிலே தமிழ்க் குரல் உண்டு, யூஎஸ்பியில் போட்டுச் சட்டைப் பையிலும் கொண்டுபோகலாம். யூஎஸ்பி துளையைக் கணினிக்கூடம் அடைத்துவைத்திருக்காவிட்டால்.

எல்லாவற்றையும்விட எனக்குக் கஷ்டமான ஆட்சேபம், அன்போடு சொல்லப்படுவது: “வந்து கேளுங்கள், நாங்களே செய்து தருகிறோம்.” பொறுப்பாளர் நல்ல மனிதராகவும் இருப்பார். ஆனால் கேட்டுப் பெறுகிற அமைப்பு ஒவ்வொரு நாளும் கேட்க வேண்டிய அமைப்பு. பிள்ளைகள் நிறைந்த வகுப்பில் கை உயர்த்தித் தன் கண்ணைப் பற்றி அறிவிக்க வேண்டிய அமைப்பு. பலர் கேட்காமலே சமாளித்துவிடுவார்கள், பிறகு ‘யாரும் கேட்கவில்லை’ என்பதே தேவையில்லை என்பதற்கு ஆதாரமாகும். கட்டடங்கள் விஷயத்தில் இந்த நியாயத்தை நாடு ஏற்கெனவே கைவிட்டுவிட்டது. வலதுகுறைந்தோர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் 1996 இன் 28 ஆம் இலக்கம். பொதுக் கட்டடங்களுக்கான அணுகல் விதிமுறைகள் 2006 இல் வந்தன. மரம் விழுந்து நடக்கும் ஆற்றலை இழந்த கலாநிதி அஜித் பெரேரா வழக்காடி, 2011 இல் உயர் நீதிமன்றத்தின் கட்டளையையும் பெற்றார். தூக்கிக்கொண்டு போக ஆள் இருக்கிறார், சாய்தளம் எதற்கு என்று இன்று எந்த அலுவலகமும் வாய்விட்டுச் சொல்லாது. அதே அலுவலகத்து மேசைக் கணினியைப் பற்றி அப்படித்தான் சொல்கிறோம். இந்த ஒப்புமைக்கும் ஓர் எல்லை உண்டு என்பதை மறைக்கவில்லை. சாய்தளத்தை ஒருமுறை கட்டினால் எல்லோருக்கும் ஒரே சாய்தளம். அமைப்பை ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள் புதிதாகச் செய்ய வேண்டும். ஒருவருக்கு வெளிச்சம் கூட வேண்டும், இன்னொருவருக்குக் கண் கூசும். ஆகவே விதிமுறை போட்டு எல்லாக் கணினிக்கும் ஒரே ‘அணுகல் நிலை’யைப் பொருத்திவைப்பதால் பயனில்லை. சாய்தளத்துக்குச் சீமெந்து வேண்டும், இதற்கு அனுமதி மட்டும் வேண்டும்.

இப்போது யார் மேசைக் கணினியைப் பாவிக்கிறார்கள், எல்லாம் போனில்தானே என்பார்கள். போன்களில் திரைவாசிப்பானும் பெரிதாக்கியும் உள்ளேயே வருகின்றன, விழிப்புலனற்ற பலர் அவற்றைத் திறமையாகக் கையாள்கிறார்கள், சரி. ஆனால் போனில் ஏன் இந்தச் சச்சரவே எழவில்லை என்று யோசிக்க வேண்டும். போன் ஒருவருடையது. அதில் எழுத்தைப் பெரிதாக்க யாரிடமும் உத்தரவு கேட்க வேண்டியதில்லை, அடுத்து வருகிறவர் என்று ஒருவரும் இல்லை. அமைப்பு கதிரையில் இருப்பவருக்குரியது என்பது போனில் தானாகவே நிறைவேறிவிட்டது. பிரதேச செயலகத்து மேசையிலும், வங்கிக் கவுண்டரின் பின்னாலும், கணக்காளரின் அறையிலும் அது நிறைவேறவில்லை, சம்பளம் தருகிற வேலை இன்னும் அங்கேதான் நடக்கிறது. ஒரு நியாயமான குறை இன்னும் மிஞ்சியிருக்கிறது. இலங்கைத் தமிழுக்கென்றே குமார், சரண்யா என்ற பெயரில் மைக்ரோசொப்ட் இரண்டு செயற்கைக் குரல்களை வைத்திருக்கிறது, கேட்க இனிமையானவை. அவற்றுக்கு இணைய இணைப்பு வேண்டும். இணைப்பில்லாத கணினிக்கூடத்தில் பெரும்பாலும் என்விடிஏயோடு வரும் இயந்திரத்தனமான குரலே துணை. தமிழ் கேட்டுப் பழகிய காதுக்கு அது முதலில் நெருடும், பழகியவர்கள் அதையே எங்களால் தொடர முடியாத வேகத்தில் ஓடவிட்டுக் கேட்கிறார்கள்.

சக்கர நாற்காலிப் படம் போய் இருபது வருடமாகப் போகிறது. பெயர் இரண்டு தரம் மாறிவிட்டது, கன்ட்ரோல் பனலையே தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. ஆனால் 1995 இல் வைத்த குறுக்குவிசை அப்படியே இருக்கிறது. இன்று வாங்கிய விண்டோஸ் 11 கணினியிலும் ஷிப்ட்டை ஐந்து முறை தட்டினால் ஸ்டிக்கி கீஸை இயக்கவா என்று அதே கேள்வி வரும். ஆம், இல்லை என்று இரண்டு பொத்தான்கள். அவற்றுக்கு மேலே சின்ன எழுத்தில், இந்தக் குறுக்குவிசையை முடக்குவதற்கான இணைப்பு.